ரோபோவுக்கு உடம்பு வெட்டித் தரும் லேசர்

இந்த மாதம் "அறிவியல் அறிவோம்" பகுதியில் லேசர் வெட்டு பற்றிப் பார்ப்போம்.

ரோபோ என்றதும் மோட்டார், பேட்டரி, ஒயர் இதெல்லாம் தான் ஞாபகம் வரும். ஆனால் இவை எல்லாம் உட்கார ஒரு உடம்பு வேண்டாமா? பொழுதுபோக்காக ரோபோ செய்கிறவர்கள் ரொம்பத் திண்டாடுவது அந்த உடம்பில் தான். அதை அளவாக வெட்டிக் கொடுப்பதே ஒரு தொழில். அந்தத் தொழிலில் பாதி வேலை இயந்திரத்தில் இல்லை, நம்ம ஸ்கேலிலும் பென்சிலிலும் இருக்கிறது. அதைச் சொல்லத் தான் இந்தக் கட்டுரை.

லேசர் வந்த கதை

முதல் லேசரை 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் செய்து காட்டினார். அதில் இருந்தது ரூபி கல். 1964-ல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் என்பவர் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தார். இவர் நம் நாட்டுக்காரர். மகாராட்டிராவில் புனே மாவட்டம் பாராமதியில் பிறந்தவர். நாம் மூச்சில் வெளியே விடும் அதே வாயு தான்! இன்று மரப்பலகை, அக்ரிலிக் வெட்டும் கடைகளில் பெரும்பாலும் இருப்பது இந்த வகை லேசர்.

ஒரு கண்ணாடிக் குழாயில் கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் கலந்து இருக்கும். அதிக மின்னழுத்தம் கொடுத்தால் ஒளி வரும். அது சுமார் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் உள்ள அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குத் தெரியாது. சிறு ஆடிகளில் பட்டுத் திரும்பி, கடைசியில் ஒரு லென்ஸ் வழியாக ஒரே புள்ளியில் விழும்.

40 வாட் என்றால் ஒரு குண்டு பல்பு தானே, அது எப்படி வெட்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். புள்ளியின் விட்டம் 0.2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஆரம் 0.1 மி.மீ. பரப்பு 3.14 × 0.1 × 0.1 = 0.0314 ச.மி.மீ. 40-ஐ இதால் வகுத்தால் ஒரு ச.மி.மீ.க்கு சுமார் 1270 வாட் வருகிறது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட், அதாவது ஒரு ச.மி.மீ.க்கு 0.001 வாட். வெயிலை விட 12 லட்சம் மடங்குக்கு மேல்! லென்ஸ் வைத்துப் பேப்பர் எரித்தவர்களுக்கு இது சீக்கிரம் புரியும்.

ரம்பம் போதாதா?

போதும், பொறுமை இருந்தால். ஆனால் அக்ரிலிக்கை ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் ஓரம் சிதறும், சில சமயம் விரிசல் விடும். இரண்டு மோட்டாருக்கும் போடும் ஓட்டை ஒரு மில்லி மீட்டர் தள்ளிப் போனாலும், அச்சு கோணின மாட்டு வண்டி மாதிரி ரோபோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். லேசர் வெட்டினால் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி. உடைந்து போனால் அதே படத்தை வைத்து இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். அது தான் பெரிய லாபம்.

கடையில் கேட்டது

எங்க பெரியம்மா மகன் டவுனில் ஒரு ஷீல்டு கடையில் வேலை பார்க்கிறார். கீ செயின், பெயர்ப் பலகை, கல்யாணப் பரிசு எல்லாம் அங்கே லேசரில் செய்வார்கள். அவரிடம் கேட்டேன்.

"அண்ணா, ரோபோ செய்யறவங்க உங்க கடைக்கு வருவாங்களா?"

"காலேஜ் பசங்க வருவாங்க பாப்பா. ஆனா படம் கொண்டு வர மாட்டாங்க. மோட்டாரைக் கையில குடுத்து, இது உள்ள போற மாதிரி ஒரு ஓட்டை போடுங்கம்பாங்க."

"நீங்க போட்டுத் தருவீங்களா?"

"பேர் எழுதறதுன்னா எனக்கு அஞ்சு நிமிஷம். இதுக்கு அளவு எடுத்து, படம் போட்டு, சரி பார்க்கவே அரை நாள் ஆயிடுது. படம் போட்டுத் தர ஒரு ஆள் இருந்தா நான் நாலு வேலை சேர்த்து எடுப்பேன்."

இயந்திரம் இருக்கிறது, ரோபோ செய்கிறவரும் இருக்கிறார். நடுவில் அளவோடு படம் போடுகிறவர் தான் இல்லை. இதைத் தான் நாம் கவனிக்க வேண்டும்.

வெட்டு அகலம் – முக்கியப் பாடம்

லேசர் போகிற கோட்டில் கொஞ்சம் பொருள் ஆவியாகி விடும். அந்த இடைவெளிக்கு வெட்டு அகலம் என்று பெயர். தோராயமாக 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கும். இயந்திரத்துக்கு இயந்திரம், பலகைக்குப் பலகை மாறும்.

கண்டுபிடிக்கும் முறை: 20 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்து வெட்டச் சொல்லுங்கள். வந்த துண்டு 19.8 மி.மீ. இருந்தால் வெட்டு அகலம் 0.2 மி.மீ. துண்டு சிறுக்கும், ஓட்டை பெருக்கும். இது மனப்பாடம் ஆக வேண்டும்.

3 மி.மீ. பலகையைச் செருக 3 மி.மீ. பள்ளம் வரைந்தால் 3.2 ஆக வரும். பலகை லொடலொடவென்று ஆடும். 2.8 என்று வரைந்தால் 3 ஆக வந்து இறுக்கமாக உட்காரும். இன்னொன்று: கடையில் 3 மி.மீ. என்று விற்கும் பலகை சரியாக 3 இருக்காது. நமக்கு ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே அளவீடு தான். வெர்னியர் அளவியும் திருகு அளவியும் பரீட்சைக்கு மட்டும் இல்லை, இதுக்கும் தான்.

தையல் தெரிந்தவர்களுக்கு இது புதிது இல்லை. துணி வெட்டும்போது தையலுக்கு என்று கொஞ்சம் விட்டுத் தானே வெட்டுகிறோம்? அதே கணக்கு தான் இங்கே மில்லி மீட்டரில்.

பொறித்தல் எதற்கு?

வெட்டுவது பலகையை ஊடுருவும். பொறிப்பது மேல் பரப்பை மட்டும் லேசாகச் சுரண்டும். பேர் எழுத மட்டும் தான் இது என்று நினைக்க வேண்டாம். ரோபோ பாகத்தில் "இடது", "வலது", பேட்டரியின் + மற்றும் – குறி, சர்வோ மோட்டாரைச் சுற்றிப் பாகை அளவு இதெல்லாம் பொறிக்கலாம். ஒயரை மாற்றிச் சொருகி போர்டு எரிந்து போவது குறையும்.

வேலையின் வரிசை:
1. முதலில் பொறிக்க வேண்டும்.
2. பிறகு உள்ளே இருக்கும் ஓட்டைகளை வெட்ட வேண்டும்.
3. கடைசியில் வெளி ஓரம்.

வெளி ஓரத்தை முதலில் வெட்டினால் துண்டு நகர்ந்து விடும். பிறகு ஓட்டை எல்லாம் இடம் மாறிப் போகும்.

எதை வெட்டக் கூடாது?

அக்ரிலிக், பிளைவுட், எம்.டி.எஃப்., அட்டை வெட்டலாம். பி.வி.சி.யை வெட்டவே கூடாது. அதில் குளோரின் இருக்கிறது. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்குக் கெடுதல், இயந்திரமும் துருப்பிடிக்கும். சன்போர்டு என்று விற்கும் பலகைகள் பெரும்பாலும் பி.வி.சி. தான், ஜாக்கிரதை! எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால் வெட்டாமல் விடுவது தான் புத்திசாலித்தனம்.

இயந்திரம் ஓடும்போது யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும். தீப்பிடிக்கலாம். புகை வெளியே போக விசிறி ஓட வேண்டும். மூடியைத் திறந்து வைத்து வெட்டக் கூடாது.

நீல ஒளி வரும் சின்ன லேசர்களும் விற்கிறார்கள். அவற்றில் மூடி இல்லாதவை உண்டு. அதற்கு ஏற்ற கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகக் கூடாது. நிறமில்லாத அக்ரிலிக்கை அவை வெட்டாது. நீல ஒளி அதன் வழியாகச் சும்மா போய்விடும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளியை அதே அக்ரிலிக் உறிஞ்சிக்கொள்ளும். நமக்குத் தெளிவாகத் தெரிகிற பொருள் இன்னொரு ஒளிக்கு சுவர் மாதிரி!

கிராமத்தில் நடக்குமா?

நடந்திருக்கிறது. புனே மாவட்டத்தில் பாபல் என்று ஒரு கிராமம். அங்கே 1983-ல் டாக்டர் கல்பாக் என்பவர் விஞ்ஞான் ஆசிரமம் என்ற பள்ளியைத் தொடங்கினார். கையால் வேலை செய்து படிப்பது தான் அங்கே முறை. 2002-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. உதவியோடு அங்கே ஃபேப் லேப் என்ற பட்டறை வந்தது. எம்.ஐ.டி.க்கு வெளியே தொடங்கிய முதல் ஃபேப் லேப்களில் அதுவும் ஒன்று. கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் பிறந்ததும் இதே மாவட்டம் என்பது அழகான பொருத்தம்.

தொழிலாகச் செய்ய என்ன வேண்டும்?

இயந்திரம் வாங்கப் பணம் நம்மிடம் இல்லை. படம் போட இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் இலவசம். ரோபோ செய்கிறவரிடம் நாம் கேட்க வேண்டியவை: எந்த மோட்டார், எத்தனை எடை தூக்க வேண்டும், எந்தப் பலகை, எத்தனை மி.மீ. கனம், எத்தனை பிரதி. கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை: எவ்வளவு பெரிய பலகை உள்ளே போகும், வெட்டு அகலம் எவ்வளவு, எந்த வகைக் கோப்பு வேண்டும், நிமிடத்துக்கு எவ்வளவு காசு.

அக்ரிலிக்கில் உள்மூலை கூர்மையாக இருந்தால் அங்கே தான் விரிசல் விடும். வளைத்து வரைந்தால் தாங்கும். ஓட்டையை ஓரத்துக்கு ஒட்டிப் போடக் கூடாது. இப்படி நாலு விஷயம் எடுத்துச் சொன்னால் அவர் மறுபடியும் நம்மிடம் தான் வருவார்.

எங்க அக்கா பன்னிரண்டாவதோடு நின்று தையல் படிக்கிறாள். வெளியூர் வேலைக்கு வீட்டில் அனுப்ப மாட்டார்கள். ஆனால் இந்தப் படத்தை வீட்டிலிருந்தே போட்டுக் கோப்பாக அனுப்பலாம். இதைச் சொன்னதும் அக்கா என் திருகு அளவிப் பாடத்தை வாங்கிப் படித்தாள். "இது ஜாக்கெட் அளவை விட சுலபம்டி" என்றாள்!

செய்து பாருங்கள்

பழைய நோட்டு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன சர்வோ மோட்டாரின் உடல் சுமார் 23 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம். அது உட்காரும் ஓட்டையை கிராஃப் தாளில் வரைந்து, அட்டையில் ஒட்டி, பிளேடால் வெட்டுங்கள். மோட்டார் கிடைக்காவிட்டால் அழிரப்பரை அளந்து செய்யுங்கள். தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் இருந்தால் நீங்கள் பாஸ்!

கேள்விகள்

1. பலகை 2.7 மி.மீ., வெட்டு அகலம் 0.2 மி.மீ. செருகும் பள்ளத்தை எத்தனை மி.மீ. வரைய வேண்டும்?
2. 50 மி.மீ. சதுரம் வரைந்தோம். வெட்டு அகலம் 0.3 மி.மீ. துண்டு எத்தனை மி.மீ. வரும்?
3. 12 பல் சக்கரம் 36 பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சிறியது 3 சுற்று சுற்றினால் பெரியது எத்தனை சுற்று?

விடையை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி