அவருக்கு முதல் முறை, உங்களுக்கு இருபதாம் முறை

“அப்பா வந்துவிட்டாரா?” என்று முதிய தாய் கேட்கிறார். தந்தை மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மகள் பொறுமையாக விடை சொல்கிறார். சற்று நேரத்தில் அதே கேள்வி மீண்டும் வருகிறது. இருபதாம் முறை கேட்கும்போது மகளின் குரல் உயர்ந்துவிடுகிறது. தாய் மிரண்டு ஒடுங்குகிறார். அன்றிரவு மகளுக்கு உறக்கம் இல்லை. “பெற்றவளிடமா இப்படிச் சீறினேன்?” என்று மனம் குமைகிறது.

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளவரைப் பேணும் இல்லங்களில் இக்காட்சி புதிதன்று. இச்சினமும் குற்றவுணர்வும் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை அறிவது சுமையைச் சிறிது குறைக்கும்.

ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்?

மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1906-இல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் இதை முதன்முதலில் விளக்கினார். புதிய செய்திகளை நினைவில் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதியை இந்நோய் தொடக்கத்திலேயே தாக்குகிறது. எனவே நீங்கள் சொன்ன விடை அவரிடம் பதிவதே இல்லை. அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகவே கேட்கிறார். அது பிடிவாதம் அன்று.

உங்கள் நினைவோ நலமாக உள்ளது. ஒவ்வொரு கேள்வியும் அதில் சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே அவர் அறியாமல் கேட்பதும் உண்மை, நீங்கள் களைத்துப்போவதும் உண்மை. உங்கள் களைப்பை அன்பின் குறைவாக எண்ண வேண்டா.

இருக்கும்போதே இழத்தல்

உடலால் அருகில் இருப்பவர் உள்ளத்தால் விலகிச் செல்வதை அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்று குறிப்பிட்டார். ஒருவர் இறந்தால் உற்றார் கூடுவர், துக்கம் விசாரிப்பர், பதினாறாம் நாள் சடங்கும் உண்டு. மகளைப் பார்த்து “நீ யார்?” என்று தாய் கேட்கும் நாளிலோ எவரும் வந்து ஆறுதல் கூறுவதில்லை. அழுகை வந்தால் அழுங்கள். அதுவும் துயரமே.

சினம் எழும் வேளையில்

1. செய்தி மறந்துபோனாலும் அது தந்த உணர்வு தங்கக்கூடும். கடிந்த சொல் மறையும், அச்சம் நிற்கும். ஆறுதலும் அவ்வாறே நிற்கும். ஆதலால் தந்தையின் மறைவை ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டியதில்லை. “அப்பா ஞாபகம் வந்துவிட்டதா அம்மா? அவருக்கு என்ன சமைத்துப் போடுவாய்?” என்று கேளுங்கள்.

2. பொறுமை எல்லை கடந்தால், அவர் பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு அடுத்த அறைக்குச் செல்லுங்கள். தண்ணீர் அருந்தி, சில முறை மெல்ல மூச்சுவிட்டுத் திரும்புங்கள்.

3. பலருக்கு மாலையில் குழப்பம் மிகும். இருட்டும் முன்பே விளக்கேற்றுங்கள். குளியல் போன்ற கடினமான பணிகளை அவர் அமைதியாக இருக்கும் நேரத்திற்கு மாற்றுங்கள்.

4. “யாரும் உதவுவதில்லை” என்று வருந்துவதினும், “ஞாயிறு காலை மூன்று மணி நேரம் நீ அம்மாவுடன் இரு” என்று உடன்பிறந்தாரிடம் வரையறுத்துக் கேட்பது பயன் தரும்.

உங்களுக்கும் மருத்துவம் தேவைப்படலாம்

உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, ஓயாத அழுகை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைக் காணுங்கள். அவரை அடித்துவிடுவோமோ என்ற அச்சமோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டா. இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

சிந்திக்க

இவ்வாரம் நான் எத்தனை நாள் நன்றாக உறங்கினேன்? என் களைப்பை யாரிடமேனும் சொன்னேனா? எந்த ஒரு பணியைப் பிறரிடம் ஒப்படைக்கலாம்?

இவற்றுக்கான விடைகளை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை அவரை மருத்துவரிடம் அழைத்துவரும்போது உடன் கொண்டுவாருங்கள். அவரைப் பற்றிக் கூறியபின் உங்களைப் பற்றியும் கூறுங்கள்.