மக்கள் இல்லம்

ஐரோப்பாவின் வடபால் அமைந்த ஸ்வீடன் இன்று செல்வம் மிக்க நாடு. ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வறுமை வாட்டியது. 1867 முதல் 1869 வரை விளைவு பொய்த்துப் பஞ்சம் வந்தது. 1850-க்கும் 1930-க்கும் இடையே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைப்பு நாடிக் கப்பலேறினர். அவருள் பெரும்பாலோர் வட அமெரிக்காவை அடைந்தனர். இவ்வாறு பிறர் வாயிலில் நின்ற நாட்டின் வாயிலிலேயே, பிற்காலத்தில் அயலார் வந்து நின்றனர்.

1928-இல் பெர் ஆல்பின் ஹான்சன் என்னும் தலைவர், நாடாளுமன்றத்தில் பேசுகையில் நாட்டை ஒரு நல்ல இல்லத்தோடு ஒப்பிட்டார். அங்கே செல்லப்பிள்ளையும் இல்லை. மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இல்லை என்பது அவர் கருத்து. நான்கு ஆண்டுகளில் அவரே தலைமை அமைச்சரானார். முதியோர்க்கு ஓய்வூதியம், நோயுற்றார்க்கு மருத்துவம், 1948 முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை எனப் பல பொறுப்புகளை அரசு படிப்படியாக ஏற்றது. இவற்றிற்கு வேண்டும் பொருள் உழைப்போர் செலுத்தும் வரியினின்றே வருவது. ஆகவே, அவ்வில்லத்தில் வேலை என்பது வயிற்றுப்பாடு மட்டுமன்று. பிறர்க்கெனச் செலுத்தும் பங்குமாகும். இதனை மனத்திற்கொண்டாலன்றிப் பின்னர் நிகழ்ந்தவை விளங்கா.

இரண்டாம் உலகப் போரில் அழியாது நின்ற ஆலைகள் ஆள் தேடின. 1954-இல் வடபுல நாடுகள் தம்முள் செய்த உடன்பாட்டால், பின்லாந்து மக்கள் அனுமதிச் சீட்டின்றியே ஸ்வீடனில் வேலை செய்யலாயினர். அவர்கள் திரள் திரளாக வந்தனர். இத்தாலி, கிரீஸ், யூகோஸ்லாவியா நாட்டினரும் வந்தனர். கை வந்தது, நா வரவில்லை. எச்சரிக்கைப் பலகையைப் படிக்க இயலாதவர் எந்திரத்தருகே நிற்பது எத்துணை இடர்! 1965 முதல் அரசு தன் செலவில் மொழி கற்பித்தது. ஆயினும், பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் மாலையில் ஏட்டைப் பிரிப்பது எளிதோ? 1973-இல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, புதிதாக வேலையில் அமர்ந்த அயல்நாட்டார்க்கு, வேலை நேரத்திலேயே ஊதியத்துடன் 240 மணி நேரம் ஸ்வீடிஷ் மொழி கற்கும் உரிமையைத் தந்தது. 1976-இல், மூன்றாண்டு வாழ்ந்த அயல்நாட்டார், குடியுரிமை பெறாமலே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்தனர். வந்தவரை விருந்தினராக அன்றி வீட்டாராகவே கருதிய செயல் இது.

பின்னர் வந்தவரோ வேலை தேடி வந்தவரல்லர். சிலி, ஈரான், போஸ்னியா, சோமாலியா, சிரியா ஆகிய நாடுகளினின்று உயிர் தப்பி வந்தவர் பலர். அப்பொழுது ஆலை வேலை அருகியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்தது. மால்மோ, ஸ்டாக்ஹோம் நகர்களின் சில பகுதிகளில் புதியவரே செறிந்து வாழ்ந்தமையால், அண்டை வீட்டில் ஸ்வீடிஷ் மொழியைக் கேளாமலே வளர்ந்த சிறுவர் பலராயினர். 2015-இல், ஒரு கோடிக்குச் சற்றுக் குறைந்த மக்களையுடைய அந்நாட்டில் ஏறத்தாழ 1,63,000 பேர் புகலிடம் கேட்டனர். அவ்வாண்டின் இறுதியிலேயே எல்லைக் காவல் இறுகியது. மறு ஆண்டில் சட்டமும் இறுகியது. கதவைச் சாத்தியது பிழை என்பாரும், இல்லம் தாங்காது என்பாரும் உளர். கதவின் அகலத்தைப் பற்றிப் பேசுமளவு, உள்ளே வந்தவர் வேலைக்காகக் காத்திருந்த ஆண்டுகளைப் பற்றி இரு திறத்தாரும் பேசுவதில்லை.

முன்னர் வந்த பின்லாந்தினரின் மொழி, 2000-ஆம் ஆண்டில் நாட்டின் சிறுபான்மைத் தேசிய மொழிகள் ஐந்தனுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. எந்திரத்தருகே இளமையைக் கழித்த அவருட் பலர் இன்று முதியோர். பல நகராட்சிகளில், முதுமைக்காலப் பணிவிடையைத் தம் தாய்மொழியிலேயே பெற அவர்களுக்கு உரிமையுண்டு.