மாணாக்கன் செயல்: தன் விருப்போ, காரண விளைவோ?

கணக்கிலே தவறிய பிள்ளையை நோக்கி, "இவனுக்குக் கணக்கு வராது, இவன் இயல்பு அது" என்கின்றோம். அப்பிள்ளையே சிறிது நேரத்தில் அயலிலிருப்பவனோடு பேசினால், "வேண்டுமென்றே செய்கின்றான்" என்று வெகுளுகின்றோம். முன்னதில் அவனுக்கு உரிமை சிறிதும் இல்லை. பின்னதில் முழுவதும் உண்டு. ஒரு பாடவேளைக்குள் ஒன்றற்கொன்று மாறான இரு கொள்கைகளை நாம் கைக்கொள்ளுதலை எண்ணிப்பார்ப்போர் சிலரே. இவற்றுள் எது பொருந்தும் என்பது உளநூலார் நெடுங்காலமாக வழக்கிட்டுவரும் விஷயமாம்.

மனிதன் செயல் ஒவ்வொன்றும் முன்னிகழ்ந்த காரணங்களாலே துணியப்பட்டது என்பாரை நியதிவாதிகள் என்றும், தெரிந்தெடுக்கும் ஆற்றல் அவனுக்கு உண்டென்பாரைச் சுயேச்சைவாதிகள் என்றும் கூறுவாம். நியதி என்னுஞ் சொல் சைவநூல்களில் ஒரு தத்துவத்தின் பெயராகவும் வழங்கும். ஈண்டு அப்பொருள் கொள்ளற்க. இவ்வாதத்தைக் கேட்டவுடன் "இது நம் ஊழ்தானே" என்று அமைவாரும் உளர். அது பொருந்தாது. உளநூலார் கூறுங் காரணங்கள் பிறப்புவழி வந்த இயல்பு, வளர்ப்பு, பழக்கம், மூளையின் இயக்கம் என்பனவே. திருக்குறளும் 38 ஆம் அதிகாரத்தில் ஊழையும் 62 ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும் வைத்துள்ளது. ஒன்றைக் காட்டி மற்றையதை மறைத்தல் நூலுக்கு இழைக்கும் அநீதியாம்.

நியதிவாதத்தை ஓங்கிய குரலிற் கூறியவர் அமெரிக்கராகிய ஜோன் வாற்சன். உளநூலானது புறத்தே காணப்படும் நடத்தையையே ஆராய்தல் வேண்டுமென்று 1913 இல் எழுதிய இவர், பின்னர், நல்ல உடல்நலமுள்ள ஒரு டசின் குழந்தைகளையும் தாம் வகுத்த சூழலையும் தருவார்களாயின், எடுத்த குழந்தையை வைத்தியனாகவோ வழக்கறிஞனாகவோ திருடனாகவோ ஆக்கிக் காட்டுவதாகச் சாற்றினார். சான்றுகளைக் கடந்து பேசுவதாக அவ்விடத்தே அவர் ஒப்புக்கொண்டதை, அவரை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் விட்டுவிடுவர். ஸ்கின்னர் என்பார் 1971 இல் வெளியிட்ட நூலிலே, புகழும் பழியும் மனிதனுக்குரியனவல்ல, அவனை உருவாக்கிய சூழலுக்கே உரியன என வாதித்தார். இக்கொள்கையை யாம் முற்றும் ஏற்கின்றிலேம். ஆயினும் ஆசிரியர்க்கு இதனால் ஒரு பயன் உண்டு: பிள்ளையைப் பழிப்பதை நிறுத்தி, அவன் இருக்குமிடம், பாடத்தின் அளவு, நாம் கேட்கும் வினாவின் தன்மை என்பவற்றை நோக்கச் செய்யும்.

நிற்க. 1983 இல் பெஞ்சமின் லிபெற் என்பாரும் அவர் துணைவரும் வெளியிட்ட பரிசோதனை இவ்வழக்கிலே பெரிதும் பேசப்படுவது. பரிசோதிக்கப்பட்டோர் தாம் நினைத்தபோது கையை அசைத்தல் வேண்டும். அசைக்கும் எண்ணம் தோன்றிய கணத்தில், மணிக்கூட்டு முகத்திற் சுழலும் ஒளிப்புள்ளி எவ்விடத்தில் நின்றதென்றுஞ் சொல்லல் வேண்டும். மூளையின் மின்னசைவு கையசைவுக்கு ஏறக்குறைய 0.55 செக்கன் முன்னரே தொடங்கிற்று. எண்ணம் உணரப்பட்டதோ 0.2 செக்கன் அளவிலேதான். எண்ணமுன்னரே மூளை தொடங்கிவிட்டது, ஆகவே சுயேச்சை பொய் என்று பலர் முடிவுகட்டினர். லிபெற் அங்ஙனம் முடிவுகட்டவில்லை. எஞ்சிய சிறுபொழுதிற் செயலைத் தடுக்கும் உரிமை மனத்துக்கு உண்டு என்றார். 2012 இல் ஷர்கர் முதலியோர் வேறொரு விளக்கந் தந்தனர்: மூளையில் ஓயாது எழுந்து தாழும் அசைவுகளைக் கையசைத்த கணத்திலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தால், அவையே மெல்ல ஏறுவனபோலத் தோன்றும், எனவே அதனை முன்னரே முடிந்த தீர்மானம் என்று கொள்ளவேண்டுவதில்லை. அன்றியும், காரணமின்றிக் கையசைத்தல் ஒன்று; அயலான் விடையைப் பார்த்தெழுதுவோமா விடுவோமா என்று ஒரு சிறுவன் தடுமாறுதல் மற்றொன்று. பின்னதனை அம்மணிக்கூடு அளந்ததில்லை.

ஆசிரியர்க்கு மிக அணுக்கமாகப் பேசியவர் வில்லியம் ஜேம்ஸ் என்பதே எமது கருத்து. இவர் தம் 28 ஆம் வயதில், 1870 இல், மனந்தளர்ந்து கிடந்தபோது, பிரான்சிய தத்துவஞானி ரெனூவியேயின் கட்டுரையைப் படித்து, சுயேச்சையை நம்புதலே தமது சுயேச்சையின் முதற்செயலாகுக என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எனினும் 1890 இல் வெளிவந்த பெருநூலிலே, இவ்வழக்கை உளநூல் தனித்துத் தீர்க்கமாட்டாது என்றே எழுதினார். உரிமை என்பதொன்று உண்டாயின், அஃது ஒரு நினைவை நழுவவிடாது பிடித்துவைக்குங் கவனமுயற்சியின் அளவிலே உளதென்பது அவர் துணிபு. ஆசிரியர்க்கு அவர் ஆற்றிய விரிவுரைகள் 1899 இல் நூலாயின. நம்மவர் அதனைத் தேடிப் படித்தல் நன்று.

சுயேச்சை இல்லையென்று படித்தவர் பரிசோதனையில் மிகுதியாக வஞ்சித்தனர் என 2008 இல் ஓர் ஆய்வு கூறியது; பின்னர் மீளச்செய்த ஆய்வுகளில் அவ்விளைவு தோன்றவில்லை. ஆகவே விஞ்ஞானம் நிறுவிவிட்டதென்று இரு திறத்தாரும் மேடையிற் கூறுதற்கு இடமில்லை.

வகுப்பறையிற் செய்யக்கூடியது உண்டு. தேர்ச்சியறிக்கையிற் "கவனமில்லை" என்று எழுதும்போது அதனை உயரம் நிறைபோல மாறாத குணமாக்கிவிடுகின்றோம். "கணக்கில் பத்து நிமிடம் கவனம் நிற்கின்றது, பின்னமென்றால் உடனே தளர்கின்றது" என்று எழுதினாற் காரணமுந் தெரியும், பிள்ளை முயலவேண்டிய இடமுந் தெரியும், அடுத்த தவணையிற் பத்து நிமிடம் பதினைந்தாயிற்றா என்று அவனே நம்மிடம் வந்து கேட்கவுங்கூடும்.