இணைப்பு வேலையை சர்வர் பக்கமே வையுங்கள்

யூனிக்ஸ் சர்வரில் இருக்கும் ஃபைல்களை அலுவலகத்து விண்டோஸ் கணினிகள் திறக்க வேண்டுமென்றால், அதற்கான மென்பொருளை எந்தப் பக்கம் போடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சர்வர் பக்கம் போடுங்கள் என்பதே என் அனுபவம் சொல்வது. 1980களில் சன் நிறுவனம் விற்ற பிசி-என்எஃப்எஸ், யூனிக்ஸின் ஃபைல் பகிர்வு முறையான என்எஃப்எஸ்ஸை டாஸ் கணினிக்குள் கொண்டுபோய் வைத்தது. வேலை நடந்தது. ஆனால் ஒவ்வொரு கணினியிலும் அதை நிறுவ வேண்டும். டாஸின் 640 கேபி நினைவகத்தில் அதற்கும் இடம் விட வேண்டும். புதுப் பதிப்பு வந்தால் மேசை மேசையாகப் போக வேண்டும். கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992 வாக்கில் எழுதிய, பின்னாளில் சாம்பா ஆன நிரல் இதைத் தலைகீழாக்கியது. ஃபைல் பகிர பிசி பேசும் எஸ்எம்பி மொழியை நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளிலிருந்தே புரிந்துகொண்டு, அதே மொழியில் யூனிக்ஸைப் பதில் சொல்ல வைத்தார். விண்டோஸிலேயே எஸ்எம்பி சேர்ந்து வந்தபின் கணினிப் பக்கம் நிறுவ எதுவுமே மிஞ்சவில்லை.

அடுத்தவர் மொழியைப் பேசினால் அவர் மாற்றும்போதெல்லாம் நாமும் ஓட வேண்டுமே என்பார்கள். நியாயமான கேள்விதான். 1997இல் விண்டோஸ் என்டி 4 சர்வீஸ் பேக் 3, பாஸ்வேர்டைக் குறியாக்கம் செய்யாமல் அனுப்ப மறுத்தது. பல சாம்பா சர்வர்களில் லாகின் நின்றது. சிலர் ஒவ்வொரு கணினியிலும் ரிஜிஸ்ட்ரியைத் திருத்தி, பாஸ்வேர்ட் மறுபடி வெட்டவெளியில் ஓடும்படி செய்தார்கள். சர்வரில் சாம்பாவின் அமைப்பு ஃபைலான எஸ்எம்பி.கான்ஃபில் 'என்கிரிப்ட் பாஸ்வேர்ட்ஸ்' என்ற ஒரு வரியை இயக்கியவர்களுக்குக் கணினிகளைத் தொடும் வேலையே வரவில்லை. யூனிக்ஸின் பாஸ்வேர்ட் ஃபைல் இதற்கு உதவாது, சாம்பாவுக்கென்று தனி ஃபைல் வைத்துப் பயனாளர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. அது சுமைதான், ஆனால் ஒரே இடத்துச் சுமை. விண்டோஸ் தயாரிப்பாளர் மீதான ஐரோப்பிய ஆணையத்தின் வழக்குக்குப் பிறகு, 2007 டிசம்பரில் 10,000 யூரோ ஒருமுறைக் கட்டணத்துக்கு நெறிமுறை ஆவணங்கள் சாம்பா குழுவுக்குக் கிடைக்க வழி பிறந்ததும், அந்த ஓட்டம் பெரிதும் தணிந்தது.

ஃபைல் அனுமதியிலும் இதே கதைதான். ஒருவர் சேமித்ததை இன்னொருவரால் திருத்த முடியவில்லை என்று புகார் வந்தால், 777 கொடுத்து எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடாதீர்கள். எஸ்எம்பி.கான்ஃபில் அந்தப் பகிர்வு ஃபோல்டருக்கு (ஷேர்) உரிய பகுதிக்குக் கீழே 'ஃபோர்ஸ் குரூப்' வரியில் குழுவின் பெயரையும், 'கிரியேட் மாஸ்க்' வரியில் 0660 என்றும் எழுதுங்கள். பிறகு 'டெஸ்ட்பார்ம்' ஓட்டிப் பாருங்கள். வரிகளின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அது அங்கேயே காட்டிக்கொடுக்கும்.

சர்வர் வளைந்துகொடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஸ்கேன் செய்ததை ஷேருக்கு அனுப்பும் பழைய நகல் இயந்திரங்கள் சில எஸ்எம்பி 1 மட்டுமே பேசும். 2017 மே மாதம் வானாகிரை என்ற பணயத் தீநிரல் புகுந்தது விண்டோஸின் எஸ்எம்பி 1 ஓட்டை வழியாக. 2019இல் வந்த சாம்பா 4.11 அந்தப் பழைய பதிப்பை இயல்பாகவே அடைத்துவிட்டது. ஒரு இயந்திரத்துக்காக அதை முழு சர்வருக்கும் திறக்க வேண்டாம். ஸ்கேன்களை வாங்க மட்டும் தனியாக ஒரு சின்ன சர்வர் வையுங்கள்; மற்ற ஃபைல்கள் எதுவும் அதில் இருக்க வேண்டாம்.