கப்பல் காத்திராது
(ஸ்காக்வே துறைமுகத்திலிருந்து ஒரு நாள் மோட்டார்ப் பயணம்)

நிலப்படத்தைப் பார்த்து ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்வது புவியியலின் முதற்படி. அதே படத்தைக் கையில் கொடுத்து, "காலையில் இந்தத் துறையில் இறங்கி மாலை ஆறு மணிக்குள் இங்கேயே திரும்ப வேண்டும், இடையில் எதுவரை சென்று வரலாம்?" என்று கேட்டால், அது இரண்டாம் படி. தொலைவு, ஏற்றம், தட்பவெப்பம், நாட்டெல்லை, நேர மண்டலம் எல்லாம் அந்த ஒரு வினாவுக்குள் வந்துவிடுகின்றன. இப்பயிற்சிக்கு மிகப் பொருத்தமான இடங்களுள் ஒன்று அலாஸ்காவின் தென்கிழக்கிலுள்ள ஸ்காக்வே. கோடை மாதங்களில் உல்லாசக் கப்பல்கள் காலையில் வந்து, ஒரு பகல் தங்கி, மாலையிலோ முன்னிரவிலோ புறப்பட்டுவிடும் சிற்றூர் அது. கப்பலை விட்டிறங்கி, வாடகைக்கு ஒரு கார் எடுத்துத் தாமே ஓட்டிச் சென்று மலைகளையும் ஏரிகளையும் கண்டு திரும்புவோர் பலர்.

இதில் என்ன கடினம் என்று தோன்றலாம். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தாமே கார் எடுத்துச் சென்றவருக்காகக் காத்திராது. உடைமைகள் அறையில் இருக்க, உடையவர் கரையில் நிற்பார். அடுத்த துறைக்குத் தம் செலவிலேயே போய்ச் சேர வேண்டும். அது எளிதன்று. அண்டை ஊரான ஹெய்ன்ஸ் கடல்வழியே பதினைந்து மைல்தான். சாலைவழியே ஏறத்தாழ 360 மைல்! இடையில் உள்ள மலைத்தொடரைக் கனடா வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மாநிலத் தலைநகரான ஜூனோவுக்கோ வெளியூர்களிலிருந்து சாலையே கிடையாது. படகு அல்லது விமானம்தான். நிலப்படத்தில் ஓர் அங்குல இடைவெளிக்கு என்ன பொருள் என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை.

துறையும் பாதையும்

ஸ்காக்வே, லின் கால்வாயின் வட முனையில் உள்ளது. கால்வாய் என்று பெயர் இருப்பினும் அது மனிதர் வெட்டியதன்று. பனியாறு குடைந்த பள்ளத்துள் கடல் புகுந்ததால் உண்டான நுழைகழி. ஆகவேதான் பெருங்கப்பல்கள் மலையடிவாரம் வரை வர இயலுகிறது. கடல் முடிந்தவுடன் மலை தொடங்கிவிடுகிறது. ஊரிலிருந்து புறப்படும் நெடுஞ்சாலை ஒன்றே ஒன்று. கிளாண்டைக் நெடுஞ்சாலை எனப்படும் இது, பதினான்கு மைலுக்குச் சற்றே கூடுதலான தொலைவில் கடல் மட்டத்திலிருந்து 3,292 அடி உயரமுள்ள வொயிட் பாஸ் கணவாய் உச்சிக்கு ஏறுகிறது. கணக்கிட்டால் சராசரியாக 23 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அடிப்பகுதி ஓரளவு சமமாதலால் மேற்பகுதி இதனினும் செங்குத்து. உச்சியை அடுத்து நாட்டெல்லை. பின்னர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ஒரு மூலையைக் கடந்து யூகான் பிரதேசத்துள் நுழைகிறோம். 66 மைலில் கார்க்ராஸ் என்னும் சிற்றூர். 73 மைல் அளவில் மரகத ஏரி. ஒரு பகற்பொழுதில் சென்று திரும்புவோர் பெரும்பாலும் இந்த ஏரியைத்தான் எல்லையாகக் கொள்கின்றனர்.

இவ்வழியில் முதன்முதலில் பெருந்திரளாகச் சென்றவர்கள் காட்சி காணச் செல்லவில்லை. 1896 ஆகஸ்டில் கிளாண்டைக் ஆற்றை அடுத்த ஓர் ஓடையில் பொன் கண்டெடுக்கப்பட்டது. செய்தி பரவிய 1897–98இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீட்டை விட்டுக் கிளம்பினர். பொன்வயலை அடைந்தவர்கள் அவர்களுள் பாதிப்பேர்கூட இல்லை. வொயிட் பாஸ் வழியில் மட்டும் மூவாயிரம் குதிரைகள் மாண்டன என்பர். கணவாயில் காவலிருந்த கனடாக் காவற்படையினர், ஓராண்டுக்குப் போதிய உணவும் கருவிகளும், அதாவது ஒரு டன் அளவு பொருள்கள், கொண்டு வராதவரை உள்ளே விடவில்லை. கெடுபிடியாகத் தோன்றும் அவ்விதியே பலரைப் பட்டினிச் சாவிலிருந்து காத்தது. 1900இல் குறுகிய இருப்புப் பாதை முடிவுற்றது. ஜூலை 29 அன்று அதன் கடைசி ஆணி அடிக்கப்பட்ட இடம் கார்க்ராஸ். இன்றும் கணவாய் வரை செல்லும் சுற்றுலாத் தொடர்வண்டியைச் சாலையின் எதிர்ப்புறச் சரிவில் காணலாம். கார் ஓட்ட விரும்பாதவர்க்கு அதுவே நல்ல வழி. ஆயின் விரும்பிய இடத்தில் நிறுத்த முடியாது.

மூடுபனியைக் கண்டு திரும்பலாமா?

கரையில் மேகம், உச்சியில் மூடுபனி, பத்தடி தூரம் தெரியவில்லை. இந்நிலையில் பலர் வண்டியைத் திருப்பிவிடுகின்றனர். புவியியல் மாணவன் திருப்பமாட்டான். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சுவரில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, நீரை இப்புறத்திலேயே உதிர்த்துவிடுகிறது. மறுபுறம் இறங்கும் காற்று வறண்டது. அதாவது கார்க்ராஸ் பக்கம் மழை மறைவுப் பகுதி. எனவே உச்சியில் ஒன்றும் தெரியாத நாளிலும், அப்பால் வெயில் அடிப்பதற்கு நல்ல வாய்ப்புண்டு. விளக்கை ஏற்றிக்கொண்டு மெதுவாகக் கடந்து செல்வதே அறிவுடைமை.

இந்த வறட்சிக்குச் சான்று வழியெங்கும் உண்டு. உச்சியை ஒட்டி, குட்டையான வளைந்த மரங்களும் பாறைக் குழிகளில் சிறு நீர்நிலைகளுமாக ஒரு வெளி. அடுத்து டூஷை ஏரி. பிறகு விண்டி ஆர்ம் எனப்படும் நீண்ட ஏரிக்கிளை, நடுவே போவ் தீவு. கார்க்ராஸை ஒட்டி மணற்குன்றுகள்! உலகின் மிகச் சிறிய பாலைவனம் என்று விளம்பரம் செய்கின்றனர். உண்மையில் அது பாலைவனமன்று. பனியூழிக் காலத்து ஏரி வற்றியபின் அதன் அடியில் கிடந்த மணலைக் காற்று குவித்தது. விளம்பரத்தை விட உண்மையே சுவையானது. மரகத ஏரியின் பச்சை நிறமும் அத்தகையதே. நீரில் சாயம் ஏதுமில்லை. ஏரியின் அடியில் படிந்துள்ள, சுண்ணாம்பு கலந்த வெண்களிமண்ணில் பட்டு ஒளி மீள்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் இளம்பச்சை, ஆழ்ந்த இடத்தில் நீலம். வெயில் இல்லாவிட்டால் நிறமும் மங்கும்.

திரும்பும் நேரமே முதற்கணக்கு

திட்டமிடுவோர் வழக்கமாகக் காலையிலிருந்து கணக்குப் போடுகின்றனர்: இங்கே அரை மணி, அங்கே ஒரு மணி என்று கூட்டிக்கொண்டே போகின்றனர். துறைமுகப் பயணத்துக்கு அம்முறை உதவாது. மாலையில் தொடங்கிப் பின்னோக்கிக் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பயணிகள் அனைவரும் மாலை 6.00 மணிக்குள் கப்பலேற வேண்டும் என்று கொள்வோம். காரில் பெட்ரோல் நிரப்பி, ஒப்படைத்து, துறைவரை நடக்க ஒரு மணி: 5.00. எதிர்பாராத தடங்கலுக்காக ஒரு மணி: 4.00. திரும்பும் வழியில் காட்சி காண நிறுத்த நாற்பது நிமிடம்: 3.20. அமெரிக்கச் சுங்கச் சாவடியில் அரை மணி: 2.50. கார்க்ராஸிலிருந்து 66 மைல், மணிக்குச் சராசரி 36 மைல் வீதம் ஒரு மணி ஐம்பது நிமிடம்: 1.00. ஆக, பகல் ஒரு மணிக்குக் கார்க்ராஸை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

இனி முன்னோக்கி: 8.30க்குப் புறப்பட்டால், கனடாச் சாவடியில் அரை மணி போக, 11.00 மணியளவில் மரகத ஏரி. அரை மணி அங்கே. மணற்குன்றுக்கும் ஊருக்கும் ஏரியிலிருந்து வரும் நேரமும் சேர்த்து ஒன்றரை மணி. இரு கணக்குகளும் சந்திக்கின்றன. சந்திக்கவில்லையெனில் குறைக்க வேண்டியது இடத்தையே. தடங்கலுக்கென ஒதுக்கிய ஒரு மணியை அன்று. கப்பல் தாமதமாக வந்தாலோ, துறையைத் தொடாமல் நங்கூரமிட்டுப் படகில் இறக்கினாலோ, 8.30 என்பது 10.00 ஆகிவிடும். அப்போது மரகத ஏரியை விட்டுவிட்டுக் கார்க்ராஸோடு திரும்பலாம். இன்னும் தாமதமெனில் போவ் தீவைக் கண்டதோடு திரும்பலாம். எங்கே நின்றாலும் திரும்பும் நேரத்தை மட்டும் நீட்டலாகாது.

நிறுத்தங்களை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதலில் கடைசி இடத்துக்குச் சென்றுவிட்டு, திரும்பும்போது நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதே சிறந்தது என்பது என் கருத்து. திரும்பும் வழியில் ஒரு காட்சியை விட்டால் அரை மணி மிஞ்சும். போகும் வழியில் செலவிட்ட அரை மணி மீளாது.

மாலை நெருங்குவதைச் சூரியனும் சொல்லாது. ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். கடிகாரத்தையே நம்ப வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். கோடையில் யூகானின் மணி அலாஸ்காவின் மணியைவிட ஒன்று கூடுதல். எல்லை கடந்தபின் கைப்பேசி தானே மாறி, பன்னிரண்டை ஒன்று என்று காட்டக்கூடும். இப்பிழையால் நாம் அவசரப்பட்டு முன்னதாகத் திரும்புவோம். இழப்பது ஒரு மணி நேரக் காட்சி. மறுவகைப் பிழைதான் கொடிது. சில கப்பல்கள் கரை மணியை விட்டு வேறு மணியைக் கடைப்பிடிப்பதுண்டு. கப்பலில் ஆறாக இருக்கும்போது கரையில் ஐந்தாக இருந்தால், கரை மணியை நம்பியவர் கப்பலின் முதுகைத்தான் பார்ப்பார். இறங்கும்போதே கப்பல் மணியைக் கேட்டு, ஒரு கைக்கடிகாரத்தை அதற்கு அமைத்து, மாலை வரை அதைத் தொடாதிருத்தல் நலம்.

தாள்களும் பிறவும்

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் கனடாவுக்கு நுழைவிசைவு பெற்றிருக்க வேண்டும். அமெரிக்க இசைவும் பலமுறை நுழையத் தக்கதாக இருத்தல் வேண்டும். ஒரு பிற்பகல் பயணம்தானே என்று எண்ணலாகாது. எல்லையில் பிற்பகல், ஆண்டு என்ற வேறுபாடு இல்லை. கனடா இசைவு இல்லாதவர் உச்சிவரை சென்று திரும்பலாம். அப்போதும் கடவுச்சீட்டு கையில் வேண்டும். ஏனெனில் அமெரிக்கச் சாவடி எல்லையில் இல்லை, ஊரிலிருந்து ஏழாவது மைல் அருகே கீழே உள்ளது. மலையிலிருந்து இறங்குவோர் அனைவரும் அதைக் கடந்தே வர வேண்டும். கனடாச் சாவடியோ எல்லை தாண்டிச் சில மைல் கழித்து ஃபிரேசரில் உள்ளது. இரு சாவடிகளும் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். காரை எல்லை கடத்தலாம் என்ற அனுமதி வாடகை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் பெற்றுச் செல்லலாம்.

அங்கே வலப்புறம் ஓட்ட வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. அறியாதது வேக அளவு. எல்லைக்கு இப்பால் பலகைகளில் மைல், அப்பால் கிலோமீட்டர். 90 என்ற பலகையைக் கண்டு அமெரிக்கக் காரின் மைல் முள்ளை 90க்கு ஏற்றினால் அது 145 கிலோமீட்டர் வேகம்! ஸ்காக்வேயை விட்டால் கார்க்ராஸ் வரை பெட்ரோல் கிடையாது. கைப்பேசித் தொடர்பும் பெரும்பகுதியில் இல்லை. சாலையோரத்தில் கரடி தென்பட்டால் காருக்குள்ளிருந்தே காணலாம். இறங்கிப் படமெடுப்பது வேண்டாம்.

தடங்கலுக்கென ஒதுக்கிய ஒரு மணி செலவாகாமல் 4.00 மணிக்கே ஊர் திரும்பிவிட்டால், அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். துறையிலிருந்து இரண்டு மைல் அளவில், காட்டுக்குள், பொன்வேட்டைக் காலத்து இடுகாடு உள்ளது. 1898 ஜூலை 8 அன்று இவ்வூர்த் துறைமேடையில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் காயமுற்று இறந்த ஃபிராங்க் ரீட் என்பாரின் கல்லறை அங்கிருக்கிறது. அதன் பின்னே சிறிது தூரம் ஏறினால் அவர் பெயர் கொண்ட அருவி. அங்கிருந்து கப்பலின் ஊதொலி கேட்கும் தொலைவுதான்.