ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒரு கொப்பி



பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை. பேசின ஒன்றிரண்டு சொல்லும் நின்றுபோச்சு. இப்படியிருந்தால் "அப்பனுக்கும் பேச்சு பிந்தித்தான் வந்தது" என்று பொறுத்திருக்க வேண்டாம். கிளினிக் கார்டை எடுத்துக்கொண்டு மருத்துவ மாதுவிடம் காட்டுங்கள். டாக்டரிடம் போகும்போது காதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். காது கேட்காத பிள்ளையும் இப்படித்தான் இருக்கும்.

ஓட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. தாய் மலைக்குப் போனதாலோ, பிள்ளை மடுவத்தில் விட்டதாலோ வருவதல்ல. தடுப்பூசியாலும் அல்ல. அப்படிச் சொன்ன 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லண்டன் மருத்துவ சஞ்சிகையே 2010-இல் விலக்கிக்கொண்டது.

இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது, பயிற்சிதான் உதவி. பேச்சுச் சிகிச்சை வாயால் பேசுவதோடு, கையாலும் படத்தாலும் தேவையைச் சொல்லப் பழக்கும். படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். தொழில்வழிச் சிகிச்சை என்றதும் வேலை தேடித் தருவார்கள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்! சட்டை போட, தானே சாப்பிட, சத்தத்தைத் தாங்கப் பழக்குவது அது.

சிக்கல் எங்கே வருகிறது? கிளினிக்கில், "ரொட்டிப் படத்தைக் காட்டிக் கேட்கட்டும், பத்து எண்ணும் வரை பொறுங்கள்" என்கிறார்கள். மடுவத்தில் ஆயம்மா கேட்கும் முன்பே கொடுத்துவிடுகிறார். வீட்டில் அப்பாயி, பிள்ளை கத்தினவுடன் கொடுக்கிறார். மூன்று பேரும் பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பிள்ளை எதைப் படிக்கும்? கத்தினால் ரொட்டி வரும் என்பதைத்தான்.

அதனால் ஒரு கொப்பி வாங்குங்கள். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அதே கொப்பி. இந்த மாதம் ரொட்டி கேட்பது என்றால் அது ஒன்றுதான். பேச்சுச் சிகிச்சையாளர் சொன்ன சொல்லை அதில் எழுதுங்கள். தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் அதைக் காட்டினால், பிள்ளையை எப்படி உட்கார வைப்பது, இரண்டு கையாலும் ரொட்டியைப் பிய்க்க எப்படிப் பழக்குவது என்று அதே வேலைக்குச் சேர்த்துச் சொல்வார். பிறகு ஆயம்மாவுக்கும் அப்பாயிக்கும் வாசித்துக் காட்டுங்கள். அப்பாவும் கேட்க வேண்டும், இது தாய்க்கு மட்டுமான வேலையில்லை.

கிளினிக்கில் சிங்களத்தில் சொன்னால் வெட்கப்படாமல் தமிழில் சொல்ல ஆள் கேளுங்கள். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பிள்ளையைப் பழக்கலாம். அதற்காகப் பாஷையை மாற்ற வேண்டியதில்லை.

கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகிறது, தெரியும். மாதத்தில் அந்த ஒரு மணித்தியாலம் வழி காட்டத்தான். பழக்கம் வருவது சாப்பாட்டு நேரத்திலும் குளிக்கிற நேரத்திலும், பத்துப் பத்து நிமிஷமாக. கோயிலில் வேண்டிக்கொள்ளுங்கள், நூலும் கட்டுங்கள். ஆனால் நாற்பது நாளில் குணமாக்குகிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்கும் முன், கொப்பியோடு டாக்டரைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள்.