குருதி உரைக்கும் செய்தி

நுழையும்முன்

உடலின் உள்ளே ஓர் உறுப்பு புண்படுவதை நம் கண்கள் காண்பதில்லை. ஆயினும், அவ்வுறுப்பின் வழியே ஓடும் குருதி அப்புண்ணின் தடயங்களைச் சுமந்து வருகிறது. தீநுண்மித் தொற்றால் நுரையீரல் பாதிக்கப்படும்போது அத்தடயங்களை மருத்துவர்கள் எவ்வாறு கண்டறிந்து பயன்படுத்துகின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

விடை தேடிய வினா

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் வூகான் நகர மருத்துவமனைகள் கொரோனா தீநுண்மியால் பாதிக்கப்பட்டோரால் நிரம்பின. காய்ச்சலும் இருமலுமாக வந்தோருள் பலர் சில நாள்களில் நலம்பெற்று வீடு திரும்பினர். சிலருக்கோ இரண்டாம் வாரத்தில் மூச்சுத்திணறல் மிகுந்து உயிருக்கே இடர் நேர்ந்தது. தொடக்கத்தில் இரு சாராரிடமும் காணப்பட்ட அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. எனவே, யாருடைய நுரையீரல் நலிவுறப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்ற வினா எழுந்தது. படுக்கைகள் போதாத அந்நாள்களில் அவ்வினாவின் விடையைப் பொறுத்தே பல உயிர்கள் இருந்தன.

மெல்லிய சுவர்

நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றைச் சுற்றி நுண்ணிய குருதி நாளங்கள் பின்னியுள்ளன. காற்றையும் குருதியையும் பிரிக்கும் சுவரின் தடிமன், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூற்றைவிடவும் குறைவு. இம்மென்மையால்தான் ஆக்சிஜன் எளிதில் குருதியை அடைகிறது.

நுண்ணறைச் சுவரில் இருவகைச் செல்கள் உள்ளன. தட்டையான முதல்வகைச் செல்கள் சுவரின் பெரும்பரப்பை மூடியுள்ளன. இரண்டாம் வகைச் செல்கள், நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருளைச் சுரக்கின்றன. கொரோனா தீநுண்மி இந்த இரண்டாம் வகைச் செல்களில் நுழைந்து பெருகக்கூடியது. செல்கள் அழியும்போது உடலின் தற்காப்பு ஆற்றல் அங்கே திரள்கிறது. அதன் சீற்றம் அளவு கடக்குமாயின் நுரையீரலும் புண்படுகிறது. சுவர் கசிந்து, காற்று இருக்கவேண்டிய அறையில் நீர்மம் நிறைகிறது. அதே கசிவின் வழியே நுரையீரலுக்குரிய பொருள்கள் குருதியிலும் கலக்கின்றன.

மூவகைத் தடயங்கள்

உடலின் நிலையை அளந்தறிய உதவும் இத்தகைய பொருள்கள் உயிர்க்குறிப்பான்கள் எனப்படும். நீரிழிவை அறியக் குருதியின் சர்க்கரையை அளப்பது நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டாகும். நுரையீரல் பாதிப்பைக் காட்டும் குறிப்பான்களை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, செல் சிதைவைக் காட்டுவன. எல்.டி.எச். என்னும் நொதி ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் உண்டு. செல் உடைந்தால் குருதியில் கசியும். கே.எல்.-6, எஸ்.பி.-டி ஆகியவை குறிப்பாக நுரையீரலின் நிலையை உணர்த்துவன.

இரண்டாவது, அழற்சியைக் காட்டுவன. தற்காப்புச் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்னும் புரதத்தை வெளியிடுகின்றன. அதன் தூண்டுதலால் கல்லீரல் சி-வினைபுரி புரதத்தை மிகுதியாக உருவாக்குகிறது.

மூன்றாவது, குருதி உறைதலைக் காட்டுவன. உறைகட்டி கரையும்போது டி-டைமர் என்னும் துணுக்கு உண்டாகிறது. வூகானில் 191 நோயாளிகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2020 மார்ச்சில் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் சேரும்போதே ஒரு மில்லிலிட்டர் குருதிக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் டி-டைமர் இருந்தோருக்கு இறப்பு இடர் மிகுதி எனத் தெரிந்தது.

தெரியுமா?

சி-வினைபுரி புரதம் 1930ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் குருதியை ஆராய்ந்தபோது இது வெளிப்பட்டது. நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவின் 'சி' என்னும் கூட்டுச்சர்க்கரையோடு வினைபுரிந்ததால் இப்பெயர் பெற்றது.

எண்ணும் பொருளும்

ஓர் எண்ணை மட்டும் கொண்டு நோயை முடிவுசெய்தல் பிழையாகும். தசையோ கல்லீரலோ பாதிக்கப்பட்டாலும் எல்.டி.எச். உயரும். கருவுற்ற காலத்திலும் அறுவை மருத்துவத்திற்குப் பின்னும் டி-டைமர் கூடும். பாக்டீரியாத் தொற்றிலும் சி-வினைபுரி புரதம் பெருகும். ஆகவே, மருத்துவர்கள் பல குறிப்பான்களை ஒருங்கே நோக்குகின்றனர். அடுத்தடுத்த நாள்களில் அவை ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா எனக் கவனிக்கின்றனர். நோயாளியின் மூச்சு, ஆக்சிஜன் அளவு, நுரையீரல் படம் ஆகியவற்றோடு ஒப்பிடுகின்றனர்.

இவ்வாறு கவனமாகப் பயன்படுத்தினால் குறிப்பான் உயிர்காக்கும் என்பதற்குச் சான்று உண்டு. பிரிட்டனில் நடைபெற்ற 'ரெகவரி' ஆய்வில், இன்டர்லூக்கின்-6இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்னும் மருந்து ஆராயப்பட்டது. ஆக்சிஜன் குறைந்து, சி-வினைபுரி புரதம் லிட்டருக்கு 75 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தோர் அதற்குத் தெரிவுசெய்யப்பட்டனர். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோருள் 28 நாள்களில் நூற்றுக்கு 35 பேர் இறந்தனர்; இம்மருந்தையும் பெறும் பிரிவில் இருந்தோருள் நூற்றுக்கு 31 பேர் இறந்தனர். ஒவ்வொரு நூறு பேரிலும் ஏறத்தாழ நால்வர் கூடுதலாகப் பிழைத்தனர் என்பது இதன் பொருள்.

மருந்து யாருக்கு வேண்டும் என்று அறிவதன் இன்றியமையாமையை அதே ஆய்வின் மற்றொரு முடிவும் உணர்த்தியது. டெக்சாமெத்தசோன் என்னும் எளிய மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் உதவி தேவைப்படாதோருக்கு அதனால் பயன் விளையவில்லை. ஒருவருக்கு மருந்தாவது மற்றொருவருக்குத் தேவையற்ற சுமையாகலாம்.

குருதி தரும் செய்தி தானே பொருள் விளக்குவதில்லை. ஆய்வகம் எண்ணைத் தருகிறது. அதை எதிரே படுத்திருக்கும் மனிதரோடு இணைத்துப் பார்க்கும் மருத்துவரின் அறிவே அவ்வெண்ணை உயிர்காக்கும் செய்தியாக்குகிறது.

கற்பவை கற்றபின்

அருகிலுள்ள மருத்துவ ஆய்வகத்திற்குச் சென்று, அங்கு மேற்கொள்ளப்படும் குருதிச் சோதனைகள் ஐந்தின் பெயர்களையும் பயன்களையும் தொகுத்து வகுப்பறையில் உரையாடுக.

வினாக்கள்

1. நுரையீரல் பாதிப்பை உணர்த்தும் மூவகைக் குறிப்பான்கள் யாவை?
2. 'ஓர் எண்ணை மட்டும் கொண்டு நோயை முடிவுசெய்தல் பிழையாகும்' – பாடக் கருத்துகளின் வழி நிறுவுக.